சி. எலிகன்ஸ் புழுவுல ஒரு ஜீனைப் பின்தொடர்றது எப்படி: எப்போ, எங்கே, அப்புறம்தான் யாரோட

புதுசா லேபுக்கு வர்றவங்க கையில ஒரு ஜீன் பேரைக் குடுத்து இது என்ன பண்ணுதுன்னு பாருங்கன்னு சொன்னா, பெரும்பாலும் நேரா இன்டராக்ஷன் டேட்டாபேஸைத் திறந்து பேரைப் போட்டு, வட்டமும் கோடுமா வர்ற படத்தைப் பார்த்துட்டு, அதுல இருக்கற பத்து புரோட்டீனையும் டெஸ்ட் பண்ணக் கிளம்பிடறாங்க. நான் நேர் எதிரா போகச் சொல்வேன். அந்த ஜீன் புழுவோட வாழ்க்கையில எப்போ ஆன் ஆகுது, எந்த செல்லுல ஆன் ஆகுது, இந்த ரெண்டும் தெரியாம யாரோட சேருதுன்னு கேட்டா வர்ற பதிலை நம்பவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது, மாசக்கணக்குல அப்படியே தொங்கிட்டு இருக்கும். இந்தப் புழுவுல எப்போ, எங்கேங்கற கேள்விக்குக் கண்ணாலேயே பதில் பார்க்கலாம், வேற எந்த விலங்குலயும் அது இவ்வளவு சுலபம் இல்ல, அந்த வசதியை விட்டுட்டுப் போறது எனக்கு உண்மையாவே வருத்தமா இருக்கு.

வசதி என்னன்னா, வளர்ந்த புழு சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளம், தோல்ல நிறமே இல்ல, மைக்ராஸ்கோப்புல வச்சா உள்ளே இருக்கற குடல், தசை, முட்டை எல்லாம் அப்படியே தெரியும். ஹெர்மாஃப்ரோடைட் (விந்து, முட்டை ரெண்டையும் தானே செய்யற) புழுவுல உடல் செல் 959, அதுல நரம்பு செல் 302, ஒவ்வொண்ணும் எந்த செல்லுல இருந்து பிரிஞ்சு வந்துச்சுன்னு ஜான் சல்ஸ்டனும் கூட இருந்தவங்களும் வரைஞ்சு வச்ச வம்சப் படம் 1983-லயே முழுசா வந்துடுச்சு. சிட்னி பிரென்னர் 1974-ல இந்தப் புழுவோட மரபியலை எழுதி ஆரம்பிச்சு வச்சார், 1998-ல முழு ஜீனோமையும் படிச்சு முடிச்சாங்க, பல செல் உயிர்கள்ல அதுதான் முதல். சுமார் 10 கோடி டிஎன்ஏ எழுத்து, அதுல புரோட்டீன் செய்யற ஜீன் கிட்டத்தட்ட 20,000. 20 டிகிரியில முட்டையில இருந்து முட்டை போடற புழு ஆக மூணரை நாள் போதும்.

முழுக்க ஒரே உதாரணத்தை வச்சே சொல்றேன், அப்போதான் ஒவ்வொரு படியும் எங்கே ஒட்டுதுன்னு தெரியும். டாஃப்-16ன்னு ஒரு ஜீன், அது செய்யற புரோட்டீன் நம்ம உடம்புல இருக்கற ஃபாக்ஸோ புரோட்டீனோட சொந்தம், டிஎன்ஏ மேல உக்காந்து மத்த ஜீன்களை ஆன் பண்ற வகை. அது ஆன் பண்ற ஜீன்கள்ல ஒண்ணு சாட்-3. மேலே இருந்து இதை அடக்கி வைக்கறது டாஃப்-2, இன்சுலின் ரிசெப்டர் வகை. டாஃப்-2 பலவீனமான புழு சாதாரணப் புழுவைப் போல ரெண்டு மடங்குக்கு மேல வாழுதுன்னும், அந்த நீண்ட வாழ்வுக்கு டாஃப்-16 வேணும்னும் சிந்தியா கென்யன் குழு 1993-ல காட்டினாங்க. இந்த ஒரு கதையில ஜீன் வெளிப்பாடும் இருக்கு, புரோட்டீன் சேர்க்கையும் இருக்கு.

முதல்ல மேசை வேலை

இந்தப் புழுவோட ஜீன் தகவல் எல்லாம் இருக்கற வோர்ம்பேஸ் இணையதளத்துல உங்க ஜீன் பக்கத்தைத் திறங்க. பேர் எழுதற முறை மொதல்ல பழகிக்கணும்: ஜீன் பேர் சின்ன எழுத்துல சாய்வா, புரோட்டீன் பேர் பெரிய எழுத்துல நேரா போடுவாங்க, மூணு நாலு எழுத்து, ஒரு கோடு, ஒரு நம்பர். பேர் வைக்காத ஜீனுக்கு நீளமா ஒரு சீக்வன்ஸ் நம்பர்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேணாம். பழைய பேப்பர்ல வேற பேர்ல இருந்திருக்கலாம், அதனால அந்தப் பக்கத்துல இருக்கற மாற்றுப் பேர் எல்லாத்தையும் குறிச்சு வச்சுட்டுத் தேடுங்க.

அந்தப் பக்கத்துல மூணு விஷயம் பார்க்காம நகராதீங்க. ஒண்ணு, இது ஓப்பரான்ல இருக்கா? இந்தப் புழுவுல சுமார் 15 சதவீத ஜீன்கள் பாக்டீரியா மாதிரி வரிசையா ஒரே ப்ரோமோட்டருக்கு (ஜீனை ஆன் பண்ற டிஎன்ஏ துண்டு) கீழே இருக்கு, உங்க ஜீன் அந்த வரிசையில ரெண்டாவதோ மூணாவதோ இருந்தா அதுக்கு நேர் மேலே இருக்கற துண்டை ப்ரோமோட்டர்னு எடுத்து ரிப்போர்ட்டர் (ஜீன் ஓடற செல்லை ஒளிர வச்சுக் காட்டற கட்டு) கட்டினா ஒண்ணுமே ஒளிராம போகலாம், இல்ல அரைகுறையா ஒளிரலாம், நீங்க அந்த ஜீன் இந்தத் திசுவுல இல்லன்னு எழுதிடுவீங்க. ரெண்டு, எத்தனை வடிவம் இருக்கு? டாஃப்-16-க்கே பல வடிவம், தொடங்கற இடமே வேற வேற, எல்லாம் ஒரே வேலை பண்றதில்ல. எல்லா வடிவத்துக்கும் பொதுவான முனையிலதான் டேக் (புரோட்டீனை அடையாளம் காண ஒட்டற துண்டு) வைக்கணும்னு இங்கேயே முடிவாகிடும். மூணு, ஏற்கனவே மியூட்டன்ட் (அந்த ஜீன் மாறிப்போன புழு) இருக்கா, அது என்ன ஆகுது?

அப்புறம் ஒத்தை செல் டேட்டா. 2017-ல எல்2-ங்கற இளம் பருவப் புழுக்கள்ல கிட்டத்தட்ட 50,000 செல்லோட ஆர்என்ஏ-வைத் தனித்தனியா படிச்சாங்க, 2019-ல கருவுக்கும் வந்துடுச்சு, நரம்பு செல்லுக்கு மட்டும் செஞ்ஜென்னு தனி ஏற்பாடு இருக்கு, 302 நரம்பு செல்லையும் 118 வகையா பிரிச்சு எது எதுல எந்த ஜீன் ஓடுதுன்னு காட்டும். ஆனா அது எல்4, அதாவது கடைசி இளம் பருவத்துப் புழு. உங்க கேள்வி வயசான புழுவைப் பத்தினதா இருந்தா அதை ஒரு குறிப்பா மட்டும் எடுத்துக்கங்க.

எல்லாப் புழுவும் ஒரே வயசுல இருக்கணும்

இந்தப் படியில நான் கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்லப் போறேன், ஏன்னா ஜீன் வெளிப்பாட்டுல தப்பா வர்ற ரிசல்ட்ல பெரும்பங்கு இங்கேதான் பிறக்குது. புழு முட்டையில இருந்து வந்து எல்1, எல்2, எல்3, எல்4-ன்னு நாலு பருவம் தாண்டி, ஒவ்வொரு பருவத்து முடிவுலயும் தோலை உரிச்சுட்டு வளருது. அந்தத் தோலுரிப்போட சேர்ந்து ஆயிரக்கணக்கான ஜீன்கள் ஏறி இறங்கும், தோலுக்கு வேணுங்கற கொலாஜன் ஜீன்கள் முக்கியமா. ரெண்டு மூணு மணி நேரம் தள்ளி எடுத்த ரெண்டு சாம்பிளை ஒப்பிட்டா உங்க மியூட்டேஷனுக்கு சம்பந்தமே இல்லாத பெரிய லிஸ்ட் ஒண்ணு வரும், அதுல கொலாஜன் நிறைய இருந்தா உடனே சந்தேகப்படுங்க. அதே மாதிரி எல்4 சாம்பிள்ல முட்டை மஞ்சக்கரு ஜீன்களான விட் வகை திடீர்னு உயர்ந்து இருந்தா வளர்ந்த புழு கலந்துடுச்சுன்னு அர்த்தம்.

ஒரே வயசாக்கற வழி ப்ளீச். வயித்துல முட்டை நிறைஞ்ச புழுக்களை எம்9 பஃபர்ல கழுவி எடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்த கரைசல்ல போட்டு ஆட்டினா உடம்பு கரையும், ஓடு இருக்கறதால முட்டை தப்பிக்கும். கடிகாரத்தை நம்பாதீங்க, மைக்ராஸ்கோப்புல பார்த்துட்டே இருங்க, சுமார் 5 நிமிஷத்துல உடம்பெல்லாம் உடைஞ்சதும் உடனே எம்9 ஊத்தி நிறுத்தி மூணு தடவைக்குக் குறையாம கழுவணும், கூடுதலா விட்டா முட்டையும் செத்துடும். அதை சாப்பாடு இல்லாத எம்9-ல ராத்திரி முழுக்க மெதுவா சுத்த விட்டா எல்லாம் பொரிஞ்சு எல்1-லயே நின்னுடும், காலையில பாக்டீரியா இருக்கற பிளேட்ல போட்டா எல்லாம் ஒண்ணா கிளம்பும்.

அதுக்கு மேல ஒரு எச்சரிக்கை: பல மியூட்டன்ட் மெதுவா வளரும். சாதாரண என்2 புழுவையும் மியூட்டன்டையும் ஒரே மணி நேரத்துல அறுவடை பண்ணினா நீங்க ஒப்பிடறது ரெண்டு வேற பருவத்தை. மணியைப் பார்க்காம உடம்பைப் பாருங்க, எல்4-ல உடம்பு நடுவுல வல்வா (முட்டை வெளியே வர்ற துவாரம்) இருக்கற இடத்துல வெளிறிய அரை நிலா வடிவம் தெரியும், அதை வச்சு அறுவடை பண்ணுங்க. வளர்ந்த புழுவா இருந்தா வயித்துல இருக்கற முட்டைகளோட ஆர்என்ஏ-வும் சேர்ந்தே வரும், அது வேணாம்னா 25 டிகிரியில ஜெர்ம்லைன் (முட்டை, விந்து உண்டாக்கற திசு) வளராத ஜிஎல்பி-4 மாதிரி மியூட்டன்ட் பின்னணியில வேலை பண்றவங்க இருக்காங்க.

சாப்பாடும் டெம்பரேச்சரும் சும்மா விஷயம் இல்ல. ஏசிடிஹெச்-1-ன்னு ஒரு ஜீனோட ரிப்போர்ட்டர் வழக்கமான ஓபி50 பாக்டீரியாவுல நல்லா ஒளிரும், விட்டமின் பி12 குடுத்தா மங்கிடும். சாப்பாடு மாறினா ஜீன் மாறும். ஆர்என்ஏஐ (ஒரு ஜீனை மட்டும் அமுக்கற முறை) பண்ண எச்டி115 பாக்டீரியாவுக்கு மாத்தறீங்கன்னா கன்ட்ரோலும் எச்டி115-லயே இருக்கணும், ஓபி50-ல இருந்து எடுத்த பழைய டேட்டாவை அதுக்குக் கன்ட்ரோலா வைக்கக் கூடாது. பட்டினி கிடந்த பிளேட்ல இருந்து நேரா எக்ஸ்பெரிமென்ட் வேணாம், ரெண்டு தலைமுறை வயிறு நிறைய வளர்ந்தப்புறம் எடுங்க.

கண்ணால பார்க்கறது

மார்ட்டின் சால்ஃபி 1994-ல ஜெல்லிமீனோட பச்சை ஒளி புரோட்டீன் ஜிஎஃப்பி-யை இந்தப் புழுவோட தொடு உணர்வு நரம்புல ஒளிர வச்சுக் காட்டினார், 2008 வேதியியல் நோபல்ல அவருக்குப் பங்கு கிடைச்சுது. நீங்க பண்ணப் போறதும் அடிப்படையில அதேதான், ஆனா ரெண்டு வகை ரிப்போர்ட்டரைக் குழப்பிக்காதீங்க. ப்ரோமோட்டரோட ஜிஎஃப்பி-யை மட்டும் ஒட்டினா அந்த ஜீன் எந்த செல்லுல ஆன் ஆகுதுன்னு மட்டும் தெரியும். முழுப் புரோட்டீனோட ஜிஎஃப்பி-யை ஒட்டினாதான் அந்தப் புரோட்டீன் செல்லுக்குள்ள எங்கே உக்காருதுன்னு தெரியும். சாட்-3-க்கு முதல் வகை போதும், சிஎஃப்1553-ன்னு ரெடியா ஸ்ட்ரெயின் (ஒரே மரபு அமைப்போட வளர்க்கற புழு வகை) இருக்கு. டாஃப்-16-க்கு ரெண்டாவது வகைதான் வேணும், ஏன்னா அந்த ஜீன் எப்பவும் ஓரளவு ஓடிட்டேதான் இருக்கு, மாறறது புரோட்டீன் இருக்கற இடம், வசதியா இருக்கற புழுவுல செல் முழுக்க பரவி இருக்கும், சூடு பண்ணினா, பட்டினி போட்டா, டாஃப்-2 பலவீனமானா நியூக்ளியஸுக்குள்ள போய் சேரும். டிஜே356 ஸ்ட்ரெயின்ல இதை நீங்களே பார்க்கலாம், புதுசா வர்ற எல்லாரும் இதை ஒரு தடவை பார்க்கணும்னு நான் விரும்பறேன், 35 டிகிரியில கொஞ்ச நேரம் வச்சு எடுத்தா பரவிக் கிடந்த பச்சை குடல் செல் நியூக்ளியஸ்கள்ல புள்ளி புள்ளியா சேர்ந்து நிக்கும். அந்த ஸ்ட்ரெயின் புழு நேரா போகாம உருண்டு உருண்டு போகும், பயப்படாதீங்க, கூடவே வச்ச ரோல்-6 மார்க்கரோட வேலை அது.

இந்த ரெண்டு ஸ்ட்ரெயினும் மினசோட்டா பல்கலைக்கழகத்துல இருக்கற சிஜிசி சேமிப்பகத்துல கேட்டு வாங்கலாம். உங்க சொந்த ஜீனுக்குக் கட்டணும்னா இன்னைக்கு நான் கிரிஸ்பர்தான் (டிஎன்ஏ-வை வேணுங்கற இடத்துல வெட்டி மாத்தற முறை) சொல்வேன், ஜீனோட சொந்த இடத்துலயே டேக் வைங்க. பழைய முறையில டிஎன்ஏ-வை ஜெர்ம்லைன்ல ஊசி போட்டா அது குரோமோசோமுக்கு வெளியே பல காப்பி சேர்ந்த கட்டா நிக்கும், அளவு மிஞ்சிப் போகும், சில செல்லுல தொலைஞ்சு போகும், ஜெர்ம்லைன்ல அமுங்கிடும், சீக்கிரமா ஒரு தோராயம் பார்க்க மட்டும் அது சரி. அந்தத் தோராயத்துக்கு ப்ரோமோட்டரா ஜீனுக்கு மேலே 2,000 எழுத்து அளவு எடுத்தா பல ஜீனுக்குப் போதும், ஜீனோம் நெருக்கமா இருக்கறதால.

படம் எடுக்கும்போது 2 சதவீத அகரோஸ் பேட் மேல புழுவை வச்சு லெவமிசோல் போட்டு அசையாம பண்ணிக்கங்க, சீக்கிரமா எடுத்து முடிங்க, ரொம்ப நேரம் கிடந்தா அந்த ஸ்ட்ரெஸ்ஸே டாஃப்-16-ஐ நியூக்ளியஸுக்குத் தள்ளிடும். குடல் தானாவே ஒளிரும்ங்கறதை மறக்காதீங்க, வயசாக ஆக ஜாஸ்தி. ஜிஎஃப்பி இல்லாத அதே வயசுப் புழுவை அதே எக்ஸ்போஷர்ல எடுக்காம குடல்ல ஒளிருதுன்னு எழுதக் கூடாது.

அளந்து பார்க்கறது

கண்ணால பார்த்தாச்சு, இப்போ எவ்வளவுன்னு நம்பர் வேணும். புழுவோட தோல் கெட்டி, ஆர்என்ஏ-வைப் பிரிச்செடுக்கற ட்ரைசால் ஊத்தினா மட்டும் உடையாது, ட்ரைசால்ல போட்டு லிக்விட் நைட்ரஜன்ல உறைய வச்சு உருக வச்சுன்னு பல சுத்து பண்ணணும். டிஎன்ஏஸ் போட்டு டிஎன்ஏ-வை அழிங்க, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏ-வை டிஎன்ஏ-வா மாத்தற என்சைம்) போடாத ஒரு கன்ட்ரோல் கட்டாயம் வைங்க, ப்ரைமர் (பிசிஆரைத் தொடங்கி வைக்கற சின்ன டிஎன்ஏ) ரெண்டு எக்ஸான் (முழுசான ஆர்என்ஏ-வுல தங்கற ஜீன் துண்டு) சேர்ற இடத்தைத் தாண்டி இருக்கட்டும்.

குவான்டிடேட்டிவ் பிசிஆர்ல (டிஎன்ஏ-வைப் பெருக்கி அளக்கற முறை) ஒப்பீட்டு ஜீனா ஆக்டினை மட்டும் வச்சு முடிக்கறது பழக்கதோஷம். சிடிசி-42, பிஎம்பி-3 மாதிரி நிலையா இருக்கறதா சோதிச்ச ஜீன்கள் இருக்கு, ரெண்டு மூணு சேர்த்து வைங்க, உங்க நிலைமையில அதுவும் நிலையா இருக்கான்னு பாருங்க. ஒரு சைக்கிள் வித்தியாசம்னா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதனால பிப்பெட் கை நடுங்கினாலே பெரிய கதை ஆகிடும். ஒரே ஆர்என்ஏ-வை மூணு குழாயில போட்டா அது மூணு ரெப்ளிகேட் இல்ல, வேற வேற நாள்ல ப்ளீச் பண்ணி வளர்த்த மூணு கூட்டம்தான் மூணு. ஆர்என்ஏ சீக்வன்ஸிங்குக்கும் இதே ஒழுங்குதான்.

இன்னொண்ணு, முழுப் புழுவை அரைச்சு அளந்தா 959 செல்லோட சராசரிதான் வருது. ரெண்டு நரம்பு செல்லுல மட்டும் பத்து மடங்கு ஏறின ஜீன் அந்த சராசரியில காணாமப் போயிடும். ரிப்போர்ட்டர்ல தெரிஞ்சது பிசிஆர்ல தெரியலன்னா பிசிஆர்தான் சரின்னு உடனே முடிவு பண்ணாதீங்க.

இப்போதான் யாரோட

இந்த இடத்துக்கு வரும்போது உங்க கையில ஒரு பருவமும் ஒரு திசுவும் இருக்கும், அதுதான் சல்லடை. ஸ்ட்ரிங், பயோகிரிட், இன்டாக்ட் டேட்டாபேஸ் எல்லாம் இப்போ திறங்க. ஸ்ட்ரிங்ல வர்ற கோடு எல்லாம் தொட்டுக்கற கோடு இல்ல, ஒரே பேப்பர்ல பேர் வந்ததால, ஒண்ணா ஏறி இறங்கறதால, வேற உயிர்ல அப்படி இருக்கறதாலன்னு பல காரணத்துக்குக் கோடு போடும். ஒரே பஸ்ல போறவங்க எல்லாரும் சொந்தக்காரங்க ஆகிட மாட்டாங்க. எந்த ஆதாரத்துல கோடு வந்துச்சுன்னு ஒவ்வொண்ணா திறந்து பார்த்து, நேரடி சேர்க்கை மட்டும் தனியா எடுத்து, அந்த ஜோடி ரெண்டும் ஒரே பருவத்துல ஒரே செல்லுல இருக்கான்னு பாருங்க. பாதி லிஸ்ட் இதுலயே விழுந்துடும்.

2004-ல மார்க் விடால் குழு யீஸ்ட் டூ ஹைப்ரிட் முறையில இந்தப் புழுவோட 4,000-க்கும் மேற்பட்ட சேர்க்கையைக் கண்டுபிடிச்சு வரைபடம் போட்டாங்க. நல்ல ஆரம்பம், ஆனா முறையோட எல்லை தெரிஞ்சிருக்கணும். அதுல ரெண்டு புரோட்டீனையும் யீஸ்ட் செல் நியூக்ளியஸுக்குள்ள கொண்டு வந்து சந்திக்க வைக்கறோம், புழுவுல ஒண்ணு குடல்லயும் இன்னொண்ணு தசையிலயும் இருந்தாக்கூட யீஸ்ட்ல கை குலுக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. டாஃப்-16 விஷயத்துல ஏகேடி கைனேஸ் அதுமேல ஃபாஸ்பேட் ஒட்டினாதான் 14-3-3 வகை புரோட்டீன்களான எஃப்டிடி-2, பார்-5 அதைப் பிடிச்சு சைட்டோபிளாசத்துல நிறுத்தும். இப்படி ஃபாஸ்பேட்டை நம்பி இருக்கற ஜோடி சரியான கைனேஸ் இல்லாத இடத்துல சேராம போகலாம், சவ்வுல உக்காந்திருக்கற புரோட்டீனும் அப்படித்தான். யீஸ்ட்ல வரலங்கறதை வச்சு சேர்க்கையே இல்லன்னு எழுத முடியாது.

புழுவுக்குள்ளயே பார்க்கணும்னா ஜிஎஃப்பி டேக் வச்ச அதே ஸ்ட்ரெயினை நிறைய வளர்த்து, கழுவி, சொட்டு சொட்டா லிக்விட் நைட்ரஜன்ல விட்டு உருண்டையா உறைய வச்சு, அரைச்சு, புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் போட்ட குளிர் பஃபர்ல கரைச்சு, ஜிஎஃப்பி-யைப் பிடிக்கற நானோபாடி (குட்டி ஆன்டிபாடி) ஒட்டின சின்ன உருண்டைகளால இழுங்க. ஃபாஸ்பேட் முக்கியமான ஜோடின்னா ஃபாஸ்பட்டேஸ் இன்ஹிபிட்டரையும் மறக்கக் கூடாது. டாஃப்-16 மாதிரி டிஎன்ஏ-வுல உக்கார்றதா இருந்தா நியூக்ளியேஸ் போடுங்க, இல்லன்னா ஒரே டிஎன்ஏ துண்டுல தொங்கிட்டு இருக்கற ரெண்டு புரோட்டீன் சேர்ந்த மாதிரி வரும். கன்ட்ரோல் வெறும் என்2 இல்ல, அதே திசுவுல வெறும் ஜிஎஃப்பி மட்டும் செய்யற ஸ்ட்ரெயின்.

பலவீனமா, ஒரு நொடி தொட்டு விலகற ஜோடிக்கு டர்போஐடி நல்லாருக்கு, உங்க புரோட்டீன் பக்கத்துல வர்றவங்க மேல எல்லாம் பயோட்டின் ஒட்டி விடும், அப்புறம் ஸ்ட்ரெப்டாவிடின்ல இழுத்து மாஸ் ஸ்பெக்ல பார்க்கறது. இந்தப் புழுவுல தானாவே பயோட்டின் ஒட்டின கார்பாக்சிலேஸ் புரோட்டீன்கள் நிறைய இருக்கு, லிஸ்ட்டுல மேலே அதுதான் வந்து நிக்கும், அதைப் பார்த்துட்டு கண்டுபிடிச்சுட்டேன்னு குதிக்காதீங்க. பக்கத்துல இருந்ததுன்னுதான் இந்த முறை சொல்லும், தொட்டுச்சுன்னு சொல்லாது. ஆல்ஃபாஃபோல்ட் மாதிரி கணிப்பு எந்த இடத்துல தொடலாம்னு யோசிக்க உதவும், அந்த அமினோ அமிலத்தை மாத்திட்டு மறுபடி இழுத்துப் பார்த்தாதான் ஆதாரம்.

கடைசியா புழுகிட்டயே கேக்கணும்

சேருதுங்கறது வேற, அந்த சேர்க்கையால புழுவுக்கு ஏதாவது ஆகுதாங்கறது வேற. ஆண்ட்ரூ ஃபயரும் கிரேக் மெல்லோவும் 1998-ல காட்டின ஆர்என்ஏஐ இங்கே ரொம்ப சுலபம், எச்டி115 பாக்டீரியாவை சாப்பிட வச்சாலே போதும். காலி எல்4440 பிளாஸ்மிட் கன்ட்ரோல், கூடவே அன்க்-22 போட்டுப் பாருங்க, புழு துடிச்சா உங்க பிளேட் வேலை செய்யுதுன்னு அர்த்தம். நரம்பு செல் இதுக்கு அவ்வளவா மசியாது, அங்கே ஆர்ஆர்எஃப்-3 மாதிரி ஆர்என்ஏஐ-க்கு சுலபமா மசியற மியூட்டன்ட் பின்னணி தேவைப்படும். நம்ம உதாரணத்துல எஃப்டிடி-2-ஐக் குறைச்சா டாஃப்-16 நியூக்ளியஸுக்குள்ள சேரணும், டாஃப்-16 இல்லாத புழுவுல டாஃப்-2-ஐக் குறைச்சாலும் நீண்ட வாழ்வு வரக் கூடாது. இடம், அளவு, சேர்க்கை, பலன் நாலும் ஒரே பக்கம் காட்டினா தைரியமா எழுதலாம்.

ஒரு திசுவுல மட்டும், ஒரு பருவத்துல மட்டும் புரோட்டீனை எடுக்கணும்னா ஆக்ஸின் டெக்ரான் முறை இருக்கு, திசுவுக்குரிய ப்ரோமோட்டர்ல டிஐஆர்1-ங்கற தாவரப் புரோட்டீனை செய்ய வச்சு ஆக்ஸின் (தாவர ஹார்மோன்) பிளேட்ல விட்டா பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே டேக் வச்ச புரோட்டீன் சிதைஞ்சுடும். ஆக்ஸின் இல்லாம டிஐஆர்1, டிஐஆர்1 இல்லாம ஆக்ஸின், ரெண்டு கன்ட்ரோலும் வேணும்.

கட்டின ஸ்ட்ரெயின் ஒவ்வொண்ணையும் சீக்வன்ஸ் பார்த்து உறுதியானதும், பட்டினி கிடந்த எல்1 நிறைய இருக்கற பிளேட்டா பார்த்து எடுத்து கிளிசரால் போட்டு மைனஸ் 80-ல வச்சுடுங்க, எல்1, எல்2 நல்லா பிழைக்கும், வளர்ந்தது பிழைக்காது. ஒரு குழாயை உருக்கி உயிரோட வருதான்னு பார்த்தப்புறம்தான் அந்த பிளேட்டைத் தூக்கிப் போடணும்.